சுங்கந் தவிர்த்தது யாருக்காக?

கடல் கடந்து வரும் பண்டத்துக்கு இறை கொள்ளுதல் அரசின் உரிமை என்பது தமிழ் மரபிலே நெடுங்காலமாக ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மையாகும். பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்திலே பண்டங்கள் சோழரது புலி இலச்சினை பொறிக்கப்பெற்ற பின்னரே துறையை விட்டகன்றன. திருக்குறளும் உல்குபொருளை வேந்தனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக எண்ணுகிறது. பிற்காலத்திலே ஆட்சி புரிந்த முதலாங் குலோத்துங்கன் 'சுங்கந் தவிர்த்த சோழன்' எனப் புகழப்பட்டான். குடிகளின் சுமையைக் குறைத்தவன் என்ற பொருளிலேயே அப்பெயர் இன்றும் போற்றப்படுகின்றது.

இக்கால இலங்கையிலும் ஒரு சுங்கந் தவிர்ப்பு நடைபெற்று வந்துள்ளது. ஆனால் அதனைப் பாடுவதற்குப் புலவர் எவரும் முன்வரார். ஏனெனில் இங்கே தவிர்க்கப்பட்டது குடிகளின் சுமையன்று. கடலுக்கப்பாலிருந்து இணையவழியாக விற்பனை செய்யும் பெருநிறுவனங்களின் கடப்பாடே தவிர்க்கப்பட்டது. அந்நிறுவனங்கள் செலுத்தாத தொகையை ஈடுசெய்பவர்கள் யாவரெனில், சுன்னாகத்திலும் சாவகச்சேரியிலும் பருத்தித்துறையிலும் சவர்க்காரமும் சமையல் எரிவாயுவும் வாங்கும் சாதாரண மக்களேயாவர்.

இவ்வுண்மையை விளங்கிக்கொள்வதற்குப் பெறுமதி சேர் வரியின் இயல்பினை முதற்கண் நோக்குதல் அவசியமாகும். இலங்கையிலே 1998 ஏப்பிரிலில் பழைய புரள்வு வரிக்குப் பதிலாகப் பண்டங்கள் சேவைகள் வரி கொண்டுவரப்பட்டது. 2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்திலே பெறுமதி சேர் வரியை நிறுவியது. அவ்வாண்டு ஓகஸ்ற் முதலாந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. 2024ஆம் ஆண்டிலே இவ்வொரு வரியினால் மாத்திரம் அரசுக்குக் கிடைத்த தொகை ஒரு இலட்சங் கோடி ரூபாவைத் தாண்டியது. வருமான வரி செலுத்துவோர் நாட்டு மக்களுள் ஒரு சிறு பகுதியினரே. பெறுமதி சேர் வரியோ அதன் பெயரையே அறியாத கூலித் தொழிலாளியினாலும் நாள்தோறும் செலுத்தப்படுவது.

உற்பத்தி, இறக்குமதி, மொத்த விற்பனை, சில்லறை விற்பனை ஆகிய ஒவ்வொரு கட்டத்திலும் இவ்வரி அறவிடப்படுகிறது. பதிவு பெற்ற வணிகர் தாம் வாங்கியபோது செலுத்திய வரியைத் தாம் விற்கும்போது பெறும் வரியிலிருந்து கழித்து, எஞ்சியதை அரசுக்குச் செலுத்துவர். இறுதிப் பாரம் நுகர்வோரையே சாரும். எனவே இது நுகர்வின் மீதான வரியாகும். நுகர்வு எந்நாட்டிலே நிகழ்கின்றதோ அந்நாட்டுக்கே வரி உரியது என்பது சர்வதேச வணிகத்திலே ஏற்றுக்கொள்ளப்பட்ட நியதி. ஏற்றுமதி செய்யும் நாடு தனது வரியை நீக்கிப் பண்டத்தை அனுப்பும். இறக்குமதி செய்யும் நாடு தனது வரியை அதன்மேல் விதிக்கும். சீனாவிலே இவ்வரியின் பொதுவீதம் 13 ஆகும். ஏற்றுமதியாகும் பெரும்பாலான பண்டங்களுக்கு அது முழுமையாகவோ பகுதியாகவோ மீளளிக்கப்படுகிறது. இவ்விரு செயல்களுள் முன்னையது நிகழ்ந்து பின்னையது நிகழாதொழியின், அப்பண்டம் உலகில் எந்நாட்டுக்கும் வரி செலுத்தாத பண்டமாகிவிடும் என்பது மனங்கொள்ளத்தக்கது.

யாழ்ப்பாண நகரத்து நவீன சந்தையிலே மின்சாதனப் பொருள்கள் விற்கும் ஒரு சிறு கடையை உதாரணமாகக் கொள்ளலாம். கணக்கின் தெளிவு கருதி ஏனைய தீர்வைகளும் வரிகளும் ஈண்டு விடப்படுகின்றன. கொழும்பிலுள்ள இறக்குமதியாளர் 10,000 ரூபா பெறுமதியான ஒரு பொருளைத் துறைமுகத்திலே விடுவிக்கும்போது 18 வீதப்படி 1,800 ரூபா வரி செலுத்துகிறார். அதனை 12,000 ரூபாவுக்கு விற்கும்போது 2,160 ரூபா வரியையும் சேர்த்து 14,160 ரூபாவை யாழ்ப்பாணக் கடைக்காரரிடம் பெறுகிறார். தாம் முன்னர் செலுத்தியது போக எஞ்சிய 360 ரூபாவை அரசுக்குச் செலுத்துகிறார். கடைக்காரரின் ஆண்டு விற்பனை பதிவுக்குரிய எல்லையை எட்டுவதில்லை. ஆதலால் அவர் வரிப்பதிவு பெற்றவரல்லர். தாம் கொடுத்த 2,160 ரூபாவை மீளப்பெறவும் அவருக்கு வழியில்லை. அது அவரது கொள்விலையிலேயே கலந்துவிடுகிறது. தமது உழைப்புக்கும் கடை வாடகைக்கும் 1,500 ரூபா சேர்த்து 15,660 ரூபாவுக்கு அவர் விற்கிறார். பதிவு பெறாத சிறுவணிகர் வரி செலுத்தாதவர் என்ற பொதுவான எண்ணம் எத்துணை பிழையானது என்பது இதனாற் புலனாகும்.

அதே பொருளை வெளிநாட்டு இணையத்தளமொன்று 12,000 ரூபாவுக்கு நேரடியாக வீட்டுக்கே அனுப்புகின்றது என்க. சட்டத்தின்படி இறக்குமதியாகும் பொருளுக்கும் வரி உண்டு. ஆனால் பொதியின்மேல் ஒட்டப்பட்ட தாளிலே அனுப்பியவர் 2,000 ரூபா என்று எழுதிவிட்டால், அவ்வெழுத்து ஏற்கப்படும்போது வரி 360 ரூபாவாகச் சுருங்கிவிடும். வாங்குபவர் கொடுப்பது 12,360 ரூபா. கடை விலைக்கும் இதற்குமிடையேயுள்ள வித்தியாசம் 3,300 ரூபா. இத்தொகையிலே கடைக்காரரின் வருவாய் 1,500 ரூபாவே. அவர் தமது வருவாய் முழுவதையும் துறந்து, வாடகையைக் கையிலிருந்து கட்டி விற்றாலும், இன்னும் 1,800 ரூபா வித்தியாசம் எஞ்சிநிற்கும். அவ்வெச்சம் வெளிநாட்டு வணிகரின் திறமைக்குக் கிடைத்த பரிசன்று. ஒருவரிடம் வாங்கியதை மற்றவரிடம் வாங்காது விட்டமையால் அரசே உருவாக்கிய வேறுபாடு அது.

பெறுமதியைக் குறைத்துக் காட்டுதல் கற்பனையான குற்றச்சாட்டன்று. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2024ஆம் ஆண்டிலே வந்துசேர்ந்த 150 யூரோவுக்கு உட்பட்ட சிறுபொதிகள் ஏறத்தாழ 460 கோடி. அத்தகைய பொதிகளில் 65 வீதம் வரையானவை குறைத்து மதிப்பிடப்பட்டவை என ஐரோப்பிய ஆணைக்குழு கணித்துள்ளது. கணினியும் பயிற்சி பெற்ற அலுவலரும் நிறைந்த ஐரோப்பாவின் நிலையே இதுவாயின், கொழும்பிலே ஒவ்வொரு பொதியையும் பிரித்துப் பார்த்து மதிப்பிட முடியுமென நம்புவது பேதைமையாகும். கனடாவிலிருந்து அக்கா அனுப்பும் அன்பளிப்புப் பொதி வேறு. 'அன்பளிப்பு' என்ற சொல்லை ஒட்டிக்கொண்டு வரும் வாணிபப் பொதி வேறு. இரண்டையும் ஒன்றாக நோக்குவதனால் இலாபமடைபவர் அக்கா அல்லர்.

பொதியாவது கண்ணுக்குப் புலப்படுவது. திரைப்படம், இசை, விளம்பரம், மென்பொருள் ஆகியன துறைமுகத்தையே காணாமல் நாட்டுக்குள் நுழைகின்றன. இவற்றின் மீதான வரி பற்றிய வரலாறு இன்னும் கசப்பானது. அயல்நாடான இந்தியா 2016 திசெம்பர் முதலே வெளிநாட்டு இணையச் சேவைகளுக்கு வரி விதித்து வந்துள்ளது. இலங்கையிலே 2025ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின்மூலமே, நாட்டில் வதியாத நிறுவனங்கள் இணையத்தளங்களினூடாக வழங்கும் சேவைகளுக்குப் பெறுமதி சேர் வரி விதிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. 2025 ஒக்டோபர் முதலாந் திகதி நடைமுறைக்கு வருமென அறிவிக்கப்பட்ட அவ்வேற்பாடு, பின்னர் 2026ஆம் ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஆயத்தத்துக்குக் கால அவகாசம் வேண்டுமென்பது அதற்குரிய நியாயம்.

கால அவகாசம்! 2024 சனவரி முதலாந் திகதி வரிவீதம் 15இலிருந்து 18ஆக உயர்ந்தபோது, அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த பெற்றோல், டீசல், சமையல் எரிவாயு ஆகியனவும் அதே நாளில் வரிவலைக்குள் வீழ்ந்தன. புத்தாண்டு விடிந்தபோதே எரிவாயுக் கொள்கலனின் விலை உயர்ந்திருந்தது. கொக்குவிலிலே அடுப்பு மூட்டும் தாயிடம், ஆயத்தமாவதற்கு எத்தனை மாதம் வேண்டுமென்று எவரும் வினவவில்லை. கோடிக்கணக்கான டொலர் வருவாயும் ஆயிரக்கணக்கான கணக்காளரும் கொண்ட நிறுவனங்களுக்கே அவகாசம் வேண்டியிருந்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்திலே பதிவுக்குரிய ஆண்டு விற்பனை எல்லையை 6 கோடி ரூபாவிலிருந்து 3 கோடி 60 இலட்சம் ரூபாவாகக் குறைக்கும் யோசனையும் முன்வைக்கப்பட்டது. உள்ளூர் வணிகருக்கு விரிக்கும் வலையின் கண்ணைச் சிறிதாக்கிக்கொண்டு, வெளியூர்த் திமிங்கிலத்துக்குத் திகதியை நீட்டிக் கொடுத்தல் எத்தகைய நீதி?

வருவாயைக் கைவிடும் அரசுக்கு நேரும் கதியை இலங்கை மக்கள் நூல்களிற் படித்தல் வேண்டியதில்லை. 2019 திசெம்பரிலே இவ்வரியின் வீதம் 15இலிருந்து 8ஆகக் குறைக்கப்பட்டது. அதனையடுத்துப் பதிவெல்லை ஆண்டுக்கு 1 கோடி 20 இலட்சம் ரூபாவிலிருந்து 30 கோடி ரூபாவாக உயர்த்தப்பட்டது. 2022இலே அரசிறை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 9 வீதத்துக்கும் கீழே வீழ்ந்திருந்தது. அவ்வாண்டு ஏப்பிரிலிலே வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவது நிறுத்தப்பட்டது. வீழ்ச்சிக்குக் காரணங்கள் பலவெனினும், வரியை வாரி வழங்கியமை அவற்றுள் முதன்மையானதொன்று. பின்னர் நடந்தவை யாவரும் அறிந்தவை: எரிபொருள் வரிசைகளும், மருந்தில்லா மருத்துவமனைகளும், 2023 மார்ச்சிலே சர்வதேச நாணய நிதியம் அங்கீகரித்த ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனும் அதன் நிபந்தனைகளும். 8 வீதமாயிருந்த வரி இரண்டு ஆண்டுகளுக்குள்ளே 12, 15, 18 என ஏறியது. செல்வர்க்கு அளித்த சலுகை வறியோரிடம் வட்டியோடு வசூலிக்கப்பட்டது என்பதே இதன் பொருள்.

இணையவழிக் கொள்வனவுக்கு வரி கூடாது என்போர் சில வாதங்களை முன்வைப்பர். வரியால் வரும் தொகையைவிட வசூலிக்கும் செலவு மிகுதியாகும் என்பது முதலாவது வாதம். ஒவ்வொரு பொதியையும் தபாலகத்திலே தடுத்து நிறுத்தினால் அது மெய்யே. ஆனால் வசூலிக்கவேண்டிய இடம் தபாலகம் அன்று. பணம் கைமாறும் இணையத்தளமே அவ்விடம். ஆயிரம் பொதிகளைத் துரத்துவதினும் ஒரு தளத்திடம் கணக்குக் கேட்பது எளிது. அவுஸ்திரேலியா 2018 யூலை முதலாந் திகதி தொடக்கம் 1,000 அவுஸ்திரேலிய டொலருக்கு உட்பட்ட இறக்குமதிப் பண்டங்களுக்குரிய வரியை விற்பனைத் தளங்களே அறவிட்டுச் செலுத்தவேண்டும் என்று விதித்தது. நியூசிலாந்து 2019 திசெம்பரிலும், சிங்கப்பூர் 2023 சனவரியிலும், மலேசியா 2024 சனவரியிலும் அவ்வழியைப் பின்பற்றின.

வரி விதித்தால் பெருநிறுவனங்கள் நாட்டைப் புறக்கணித்துவிடும் என்பது இரண்டாவது வாதம். அவுஸ்திரேலியாவின் சட்டம் வந்தபோது அமேசன் நிறுவனம் தனது அமெரிக்கத் தளத்திலிருந்து அவுஸ்திரேலியர் வாங்குவதைத் தடைசெய்தது. அத்தடை நெடுங்காலம் நீடிக்கவில்லை; அதே ஆண்டு நவம்பரிலே அந்நிறுவனம் தனது முடிவை மாற்றிக்கொண்டது. அவுஸ்திரேலியா பெருஞ் சந்தை, இலங்கை சிறு சந்தை என்று மறுமொழி கூறப்படலாம். நியூசிலாந்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 50 இலட்சமே. இலங்கையின் மக்கள் தொகையோ இரண்டு கோடிக்கு மேற்பட்டது. வாங்குபவர் இருக்கும்வரை விற்பவர் விலகார் என்பது வணிகத்தின் அரிச்சுவடி.

சிறுதொகைகளை விட்டுவிடுவதால் அரசுக்குப் பெரிய இழப்பில்லை என்பது மூன்றாவது வாதம். இதற்குப் பிரித்தானியாவின் அனுபவமே தக்க மறுமொழியாகும். நிருவாகச் செலவைக் குறைக்கும் நோக்குடன் அந்நாடு சிறுபெறுமதிப் பொதிகளுக்கு வரிவிலக்கு அளித்திருந்தது. அவ்விலக்கைப் பயன்படுத்தி, யேர்சி, கேர்ண்சி என்னும் கால்வாய்த் தீவுகளிலிருந்து இசைத்தட்டுக்களையும் திரைப்படத் தட்டுக்களையும் வரியின்றி அஞ்சலிலே அனுப்பும் ஒரு பெருந்தொழில் எழுந்தது. வரி செலுத்திய உள்நாட்டு இசைத்தட்டுக் கடைகள் அப்போட்டியிலே நலிந்தன. 2012 ஏப்பிரில் முதலாந் திகதி அத்தீவுகளுக்கான விலக்கு ஒழிக்கப்பட்டது. 2021இலே பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் இத்தகைய சிறுபொதி விலக்குகளை முற்றாகவே நீக்கின. சிறுதுளை சிறியதாகவே இருப்பதில்லை. அதன் வழியே பாய்வதற்கு வெள்ளம் காத்திருக்கும்.

நான்காவது வாதம் மாணவர் மத்தியிலே அதிகம் கேட்கப்படுவது. இணையவழியாகவே மலிவாக நூலும் கருவியும் மென்பொருளும் பெறமுடிகின்றது; அதற்கும் வரி விதித்தல் வறிய மாணவனைத் தண்டிப்பதாகும் என்பர். இவ்வாதத்திலே ஒரு பகுதி நியாயமுண்டு. அதனை மறுப்பது நேர்மையன்று. பெறுமதி சேர் வரி இயல்பிலேயே செல்வனையும் வறியவனையும் ஒரே வீதத்தில் வருத்துவது. தன் வருவாய் முழுவதையும் செலவிட்டே வாழவேண்டியவன், சேமிக்கத்தக்கவனிலும் பார்க்கத் தன் வருவாயிற் பெரும் பங்கை இவ்வரிக்கு இழக்கிறான். ஆயினும் இக்குறைக்குப் பரிகாரம் யாது? கல்விக்குரிய நூல்களுக்கும் சேவைகளுக்கும் விலக்கு வேண்டுமாயின், அது சட்டத்திலே வெளிப்படையாக எழுதப்பட்டு, புத்தகக் கடைக்கும் வெளிநாட்டுத் தளத்துக்கும் ஒருங்கே வழங்கப்படுதல் வேண்டும். சுங்கத்தின் கண்ணயர்வை நலத்திட்டம் என்று கொண்டாடுதல் தகாது. மேலும், கடனட்டையும் இணைய வசதியும் உடையவனுக்கே இக்கண்ணயர்வு பயன்தரும். நெடுந்தீவிலே கடனுக்குப் பொருள் வாங்கும் மீனவக் குடும்பம் 18 வீதத்தையும் கடை விலையோடு சேர்த்தே செலுத்துகின்றது. வறியோர் பெயரால் கோரப்படும் இச்சலுகை வறியோரைச் சென்றடைவதில்லை.

குடாநாட்டைப் பொறுத்தவரை இப்பிரச்சினைக்கு மற்றுமொரு முகமும் உண்டு. பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் மொத்த, சில்லறை விற்பனைகளின் மீதான புரள்வு வரியை மாகாண சபைகளுக்கு உரியதாக்கியது. 2011 சனவரியிலே அவ்வரி ஒழிக்கப்பட்டு, அதற்கு ஈடாக மத்திய அரசின் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றிலொரு பங்கு மாகாணங்களுக்குப் பகிரப்பட்டது. வட மாகாண சபைக்கு முதன்முறையாக 2013 செப்ரெம்பரிலே தேர்தல் நடைபெற்றபோது, அவ்வரி ஏற்கெனவே மறைந்துவிட்டிருந்தது. ஈடாகப் பகிரப்பட்ட வரியும் 2019 திசெம்பரிலே ஒழிக்கப்பட்டது. இப்போது யாழ்ப்பாணத்துக் கடையிலே விற்கப்படும் பொருளின் விற்பனை வரி முழுவதும் கொழும்புக்கே செல்கின்றது. இணையத்திலே வாங்கப்படும் பொருளின் வரியோ கொழும்புக்கும் முழுமையாகச் சென்றடைவதில்லை. தடைகளையும், 1995இன் பெரும் இடப்பெயர்வையும், 2006இலே ஏ-9 பாதை மூடப்பட்டதையும் தாங்கி மீண்ட குடாநாட்டின் கடைத்தெரு, அரசின் அசட்டையால் நலிவுறுமாயின், அங்கு வேலை செய்யும் இளைஞரும் யுவதியரும் எங்கே செல்வர்? வெளிநாட்டுத் தளம் யாழ்ப்பாணத்திலே ஒருவருக்கும் சம்பளம் கொடுப்பதில்லை. ஒரு கடைக்கும் வாடகை செலுத்துவதில்லை. மாநகர சபைக்கு ஒரு சதமேனும் இறுப்பதில்லை.

ஆதலின் கோரப்படவேண்டியவை தெளிவானவை. வெளிநாட்டுத் தளங்கள் விற்கும் பண்டத்துக்கும் சேவைக்கும் உரிய வரியை அத்தளங்களே விற்பனையின்போது அறவிட்டுச் செலுத்துதல் வேண்டும். அதற்கென விதிக்கப்படும் திகதி, எரிவாயுவுக்கு விதிக்கப்பட்ட திகதியைப் போன்று அசையாத திகதியாக இருத்தல் வேண்டும். அவ்வழியாகப் பெறப்படும் தொகை ஆண்டுதோறும் தனியே வெளியிடப்படுதல் வேண்டும். அத்தொகையைக் கொண்டு முதலிலே அத்தியாவசியப் பொருள்களின் மீதான வரி குறைக்கப்படுதல் வேண்டும். மாகாணங்களிடமிருந்து பறிபோன பங்கும் மீளளிக்கப்படுதல் வேண்டும். இவை புரட்சிகரமான கோரிக்கைகளல்ல. ஒரே பண்டத்துக்கு ஒரே வரி என்ற எளிய நீதியும், பெற்ற வரிக்குக் கணக்கு என்ற பழைய அறமும் மாத்திரமே இவற்றில் உள்ளன.

சோழன் சுங்கந் தவிர்த்தபோது அப்புகழைக் குடிகள் அளித்தனர். இணைய வணிகரின் சுங்கத்தைத் தவிர்த்த அரசுக்குக் குடிகள் அளிக்கக்கூடியது ஒரு வினாவேயாகும். கொள்ளவேண்டியவரிடம் கொள்ளாது விட்டதை யாரிடம் கொண்டாய்? அவ்வினாவுக்குரிய விடை ஒவ்வொரு சிறுகடையின் விலைச்சீட்டிலும் எழுதப்பட்டிருக்கிறது.